ஒளி எந்தப் பல்லில் திரும்புகிறது?

காட்பாடிப் பக்கம் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு, இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய தேவையை என் மாணவர் இருவரே உண்டாக்கினார்கள். ஒளி செல்வதற்காகச் சிலிக்கானில் செதுக்கும், சீப்பைப்போலப் பல் வைத்த ஒரு நுண்ணிய பாதையின் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு, நுழையும் ஒளியில் எவ்வளவு திரும்பி வரும் என்று இருவரும் தனித்தனியே கணினியில் கணக்கிட்டார்கள். ஒருவருக்கு 44 விழுக்காடு ஒளி திரும்பி வருவதாக விடை கிடைத்தது, மற்றவருக்கு 69 விழுக்காடு. எதனால் இப்படி என்று கேட்டபோது, "ஒவ்வொரு பல்லும் ஒரு குட்டிக் கண்ணாடி சார், யாரோ ஒருத்தர் பல்லை எண்ணும்போது தப்பு விட்டிருப்போம்" என்றார் ஒருவர். பற்களின் எண்ணிக்கை சரியாகவே இருந்தது. குட்டிக் கண்ணாடி என்ற எண்ணம்தான் சரியில்லை. ஒளியால் இயங்கும் சில்லுகளை (சிப்)ப் பற்றி ஆர்வத்தோடு பேசுகிறவர்கள் பலரிடமும் அதே எண்ணத்தைக் காண்கிறேன்.

பல் வைத்த பாதை

ஏரித் தண்ணீரைக் கால்வாய் வயலுக்குக் கொண்டுபோவதுபோல, ஒளியைச் சிதறவிடாமல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோகும் பாதைக்கு அலைவழிகாட்டி என்று பெயர். வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் ஒளியிழையும் ஓர் அலைவழிகாட்டிதான். இங்கே நாம் பேசப்போவது அதைவிடப் பன்மடங்கு சிறியது: ஒளி ஊடுருவும் கண்ணாடிப் படலத்தின்மேல் செதுக்கப்பட்ட, 500 நானோமீட்டர் அகலமும் 220 நானோமீட்டர் உயரமும் கொண்ட ஒரு சிலிக்கான் வரம்பு. ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்கே நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் இத்தகைய வரம்புகள் நூற்றுக்கு மேல் அடங்கும்.

ஒளி இந்த வரம்பை விட்டு வெளியேறாமல் இருப்பதற்குக் காரணம் ஒளிவிலகல் எண்ணில் உள்ள வேறுபாடு. வெற்றிடத்தோடு ஒப்பிட, ஒரு பொருளுக்குள் ஒளி எத்தனை மடங்கு மெதுவாகச் செல்கிறது என்பதே அதன் ஒளிவிலகல் எண். தொலைத்தொடர்பில் வழங்கும் 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் சிலிக்கானுக்கு அது ஏறத்தாழ 3.48; அடியில் உள்ள கண்ணாடிக்கு 1.44. எண் மிகுந்த பொருளுக்குள் சாய்ந்து செல்லும் ஒளி, எண் குறைந்த பொருளின் எல்லையில் பட்டு முழுவதும் உள்ளேயே திரும்பிவிடுகிறது; பள்ளிப் பாடத்தில் வரும் முழு அக எதிரொளிப்பு இதுதான். ஆனால் வரம்பு ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியதாக இருப்பதால், ஒளியில் ஒரு பங்கு சிலிக்கானுக்கு வெளியேயும் வழிந்தபடி செல்கிறது. ஆகவே அந்த ஒளி சிலிக்கானின் 3.48-ஐயும் முழுதாக உணர்வதில்லை, கண்ணாடியின் 1.44-ஐயும் முழுதாக உணர்வதில்லை. இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 2.4 என்ற ஒரு மதிப்பை உணர்கிறது. இதைப் பயனுறு ஒளிவிலகல் எண் என்கிறோம். வரம்பு அகலமானால் இந்த எண் சற்று கூடும், குறுகினால் சற்று குறையும்.

இனி அந்த வரம்பின் இரு பக்கமும் சீப்பைப்போலப் பல் வைப்போம். பல் உள்ள இடத்தில் அகலம் 500, பல் இல்லாத இடத்தில் 450. அதாவது ஒவ்வொரு பக்கமும் பல்லின் நீட்டம் 25 நானோமீட்டர்தான். பல்லும் இடைவெளியும் சேர்ந்த ஓர் ஈட்டின் நீளம் 323 நானோமீட்டர் என்று கொள்வோம். ஒரே அளவுகள் மாறாமல் திரும்பத் திரும்ப வருவதால் இது சீரடுக்கு அலைவழிகாட்டி.

முழு அக எதிரொளிப்பு ஒளியைப் பக்கவாட்டில் கசியாமல் காக்கிறது. வந்த வழியே ஒளியைத் திருப்பி அனுப்புவது வேறொரு செயல். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர், பாதித் தொலைவைக் கடந்துவிட்டார் என்று கொள்ளலாம்.

படிக்கட்டில் ஒரு கைதட்டல்

நம் பக்கத்துக் கோயில் குளங்கள் பலவும் ஆண்டில் பாதி நாள் வறண்டு கிடப்பது வருத்தம்தான். ஆனால் இந்தப் பாடத்துக்கு அது உதவுகிறது. வறண்ட குளத்தின் நடுவில் நின்று, படிகளைப் பார்த்து ஒருமுறை ஓங்கிக் கைதட்டிப் பாருங்கள். திரும்பி வருவது கைதட்டல் ஒலியாக இராது; "ட்விங்" என்று ஒரு சுருதி உள்ள ஒலியாக இருக்கும். ஒவ்வொரு படியும் ஒலியில் ஒரு சிறு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. அடுத்த படி, ஒரு படியகலம் தள்ளி இருப்பதால் அதன் பங்கு சற்றே பிந்தி வருகிறது. படியின் அகலம் 30 சென்டிமீட்டர் என்றால், போகவும் வரவும் 60 சென்டிமீட்டர் கூடுதல். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். ஆகவே சிற்றெதிரொலிகள் நொடிக்கு ஏறத்தாழ 570 என்ற வீதத்தில் காதை வந்தடைகின்றன. காது அதை ஒரு சுருதியாகக் கேட்கிறது.

இந்தக் கணக்கை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். கைதட்டலுக்குப் பதிலாக அதே 570 ஹெர்ட்ஸ் சுருதியை ஒருவர் தொடர்ந்து நாதசுரத்தில் ஊதினால், எல்லாப் படிகளிலிருந்தும் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று ஒத்து, மேடு மேட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் சேரும். சுருதி மாறினால் இந்த ஒத்திசைவு குலைந்து, ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளத்தை நிரப்பிவிடும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதற்கும் கண்டபடி தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடே இது. ஒரு படியின் அகலம் அலைநீளத்தில் சரிபாதியாக இருக்கும்போது அலை வலுவாகத் திரும்புகிறது என்பதுதான் இதன் உள்ளடக்கம். தந்தை, மகன் இருவரும் 1915-இல் நோபல் பரிசு பெற்ற பிராக் குடும்பத்தின் பெயரால் இது பிராக் விதி எனப்படுகிறது. அவர்கள் அதைப் படிகங்களில் படும் எக்ஸ் கதிர்களுக்குச் சொன்னார்கள்.

நம் வரம்புக்குள் 1550 நானோமீட்டர் ஒளியின் அலைநீளம், 2.4-ஆல் வகுக்க, ஏறத்தாழ 646 நானோமீட்டராகச் சுருங்குகிறது. அதில் பாதி 323. ஓர் ஈட்டின் நீளத்துக்கு அந்த எண்ணை எதற்கு எடுத்தோம் என்பது இப்போது விளங்கும்.

பொன்வண்டும் தீக்குச்சி மருந்தும்

வேலமரத்திலிருந்து பொன்வண்டைப் பிடித்து, தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்த்த தலைமுறை எங்களுடையது. அதன் முதுகில் மின்னும் பச்சை சாயம் அன்று. முதுகோட்டில் மிக மெல்லிய படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு படலமும் சிறிது ஒளியைத் திருப்ப, அந்தப் பங்குகள் பச்சை நிறத்தின் அலைநீளத்தில் மட்டும் ஒத்துச் சேருகின்றன. வண்டைச் சாய்த்துப் பிடித்தால் பச்சை, நீலத்தின் பக்கம் நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். சாயமாக இருந்தால் அப்படி நகராது.

வியப்பு என்னவென்றால், அந்தப் பெட்டியில் இருந்த தீக்குச்சியின் தலையிலும் இதே கதைக்கு ஒரு தொடர்பு உண்டு. குடியாத்தம் தீப்பெட்டித் தொழிலில் உள்ளவர்களுக்குப் பழக்கமான பொட்டாசியம் குளோரேட்டைப் படிகமாக வளர்த்தால், சில படிகங்கள் கண்ணைப் பறிக்கும் தூய நிறத்தில் ஒளிரும். படிகத்துக்குள் அடுக்குகள் சீரான இடைவெளியில் திசை மாறி மாறி அமைவதே அதற்குக் காரணம். சீரான அடுக்குகளில் ஒளி எப்படித் திரும்பும் என்று 1880-களிலேயே ராலே பிரபு ஆராய்ந்தார், சர் சி. வி. இராமனும் பிற்காலத்தில் இந்தப் படிகங்களை எடுத்து ஆராய்ந்திருக்கிறார். சிலிக்கான் வரம்பில் நாம் செய்வது, வண்டின் முதுகிலும் படிகத்தின் உள்ளும் இயற்கை செய்வதைப் படுக்கவைத்துச் செதுக்குவதுதான்.

ஒரு பல் எவ்வளவு திருப்பும்?

பல் உள்ள இடத்தில் பயனுறு எண் 2.45, இல்லாத இடத்தில் 2.35 என்று கொள்வோம். ஓர் எல்லையில் அலையின் வீச்சு, அதாவது அலையின் உயரம், எத்தனை பங்கு திரும்பும் என்பதற்கு எளிய விதி உண்டு: இரு எண்களின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 0.1-ஐ 4.8-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.021. ஆற்றல் வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், திரும்பும் ஆற்றல் 0.04 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். பத்தாயிரம் ரூபாய் வரவில் நான்கு ரூபாய். இதைக் கண்ணாடி என்று அழைக்க யாருக்கும் மனம் வராது.

இத்தகைய 24 பற்களில் 48 எல்லைகள் உள்ளன. அவை ஒழுங்கின்றிச் சிதறிக் கிடந்தால், திரும்பும் ஆற்றல் மொத்தமாக 2 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கும். ஒழுங்காக அமைந்தால் ஆற்றலுக்குப் பதிலாக வீச்சுகள் கூடுகின்றன. ஒரு பல்லின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் திரும்பும் அலைகள்கூட ஒத்துப்போகின்றன. பல்லின் நீளம் ஈட்டில் பாதி என்பதால் இரண்டுக்கும் பாதை வேறுபாடு அரை அலைநீளம்தான் என்றாலும், எண் கூடும் எல்லையிலும் குறையும் எல்லையிலும் திரும்பும் அலைகள் ஒன்றுக்கொன்று தலைகீழாக இருப்பதால், மீதி அரை அலைநீளத்தை அந்தத் தலைகீழ் ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே ஒரு பல்லுக்கு வீச்சில் ஏறத்தாழ 0.042 பங்கு.

24 பற்களுக்கு 24 பெருக்கல் 0.042 என்றால் ஒன்று. எல்லாம் திரும்பிவிட்டது என்று முடித்துவிடலாமா? முடிக்கக் கூடாது. மாதிரியாக்கம் என்ற வேலை தொடங்குவது இந்த இடத்தில்தான்.

போகிறவரும் வருகிறவரும்

முதல் பல் சிறிது ஒளியைத் திருப்பிவிட்டதால் இரண்டாம் பல்லை அடையும் ஒளி குறைவு. பத்தாவது பல்லுக்கு இன்னும் குறைவு. அதோடு, திரும்பி வரும் ஒளியும் வழியில் உள்ள பற்களில் பட்டு மறுபடி முன்னோக்கித் திரும்புகிறது. போகும் அலை, வரும் அலை என்று இரண்டு கணக்குப் பேரேடுகளை எழுதி, ஒவ்வொரு பல்லிலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வளவு மாற்றப்படுகிறது என்று பதிந்துகொண்டே போனால், விடை சரியாக வரும். இந்த முறைக்குப் பிணைப்பலைக் கோட்பாடு என்று பெயர். கோகெல்னிக், ஷாங்க் ஆகிய இருவரும் 1972-இல் லேசர்களுக்காக எழுதிய வடிவமே இன்றும் புழங்குகிறது. அதன்படி நம் வரம்பில் 24 பற்கள் 58 விழுக்காடு ஆற்றலைத் திருப்பும். 48 பற்கள் 93 விழுக்காட்டை. 72 பற்கள் 99. எழுபத்திரண்டு பற்கள் என்றாலும் மொத்த நீளம் 23 மைக்ரோமீட்டர்தான் (ஒரு மைக்ரோமீட்டர் 1000 நானோமீட்டர்), ஒரு தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு.

இதையே வேறு வகையில் கணக்கிடுவோரும் உண்டு. பல் உள்ள துண்டு, இல்லாத துண்டு ஒவ்வொன்றையும் இரண்டு வரிசை, இரண்டு நிரல் கொண்ட ஓர் அணியாக எழுதி, மேல்நிலைப் பள்ளியில் கற்ற அணிப் பெருக்கலால் பெருக்கிக்கொண்டே போகலாம். எல்லாப் பற்களும் ஒன்றுபோல் இருப்பதால், ஓர் ஈட்டின் அணியை மட்டும் ஆராய்ந்தாலே முழு வரம்பின் தன்மையும் தெரிந்துவிடும். பிளாக் 1928-இல் படிகத்துக்குள் எலக்ட்ரான் அலைகளுக்குச் சொன்ன கருத்து இது. ஒளிக்கும் அப்படியே பொருந்துகிறது. சில அலைநீளங்களுக்கு அலை தேயாமல் முன்னேறுகிறது. வேறு சிலவற்றுக்கு ஒவ்வொரு பல்லிலும் ஏறத்தாழ 4 விழுக்காடு வீச்சு தேய்ந்துகொண்டே போகிறது. தேயும் அந்த அலைநீளங்களின் தொகுதியைத் தடைப்பட்டை என்கிறோம். நம் எடுத்துக்காட்டில் அது ஏறத்தாழ 23 நானோமீட்டர் அகலம் உடையது. யாப்லோனோவிச்சும் சஜீவ் ஜானும் 1987-இல் தனித்தனியே, இத்தகைய தடையை எல்லாத் திசைகளிலும் உண்டாக்கலாம் என்று காட்டியபின் இத்துறை விரிந்தது.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியில் படும் விண்மீன் ஒளி, அலுமினியப் பூச்சின் மேற்பரப்பிலேயே, சில பத்து நானோமீட்டர்களுக்குள் திரும்பிவிடுகிறது. ஒரு சிறு பங்கை அலுமினியம் விழுங்கியும்விடுகிறது. நம் வரம்பில் அப்படி ஓர் இடம் கிடையாது. நீண்ட பல்வரிசைக்குள் நுழையும் அலையின் வீச்சு 24 பற்களைக் கடந்த பிறகும் 37 விழுக்காடு மிஞ்சியிருக்கிறது. ஒளி திரும்பும் செயல் அந்தப் பற்கள் எல்லாவற்றிலும் பரவிக் கிடக்கிறது. திரும்பாத ஒளி முன்னே போகிறது. தடைப்பட்டை ஒளியை உறிஞ்சிவிடுகிறது என்று சிலர் எழுதுவது தவறு.

இன்னொரு மயக்கத்தையும் போக்கிவிடலாம். பற்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் தடைப்பட்டை அகலமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். எண்ணிக்கை கூடினால் எதிரொளிப்பு நூறு விழுக்காட்டை நெருங்கும், பட்டையின் ஓரங்கள் செங்குத்தாகும். அகலத்தை முடிவு செய்வது பல்லின் ஆழமே.

பல் நெருங்கினால், விலகினால்

பற்களின் ஈடு 323-ஐவிட மிகவும் குறைந்து, 150 போல ஆகிவிட்டால் என்ன நடக்கும்? எந்தத் திசையிலும் ஒத்திசைவு கிடைக்காமல், ஒளி பற்களைத் தனித்தனியே உணராது. நெருக்கமாக நெய்த துணியில் ஊடையும் பாவும் கண்ணுக்குத் தெரியாததுபோல, சராசரியான ஒரு பொருளையே உணர்ந்து நேரே போய்விடும். மாறாக, ஈட்டை இரு மடங்காக்கி 646 என வைத்தால், ஒளியில் ஒரு பங்கு வரம்பை விட்டுச் செங்குத்தாக மேலெழும். இழையிலிருந்து சில்லுக்குள் ஒளியை இறக்க இதையே சற்று மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். ஆக, பல் இருந்தாலே ஒளி திரும்பும் என்பதில்லை.

கோலப்புள்ளிகளும் 44-க்கும் 69-க்கும் இடையிலான வழக்கும்

மேலே சொன்ன முறைகள், பயனுறு எண் என்ற ஒற்றை எண்ணுக்குள் எல்லாவற்றையும் சுருக்கிவிடுகின்றன. பல் ஆழமாகும்போது ஒளி பக்கவாட்டில் சிதறும். அப்போது அந்தச் சுருக்கம் உதவாது. மின்புலமும் காந்தப்புலமும் எப்படி மாறும் என்று சொல்லும் மாக்ஸ்வெல் சமன்பாடுகளையே நேரடியாகத் தீர்க்க வேண்டும். இதற்கு மிகப் பரவலாக வழங்கும் முறையை 1966-இல் யீ என்பவர் தந்தார்.

வாசலில் இடுக்குப் புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு அந்த முறையை விளக்குவது எளிது. ஒரு வரிசைப் புள்ளிகளின் இடுக்கில் அடுத்த வரிசைப் புள்ளிகள் வருமல்லவா? அதுபோல வெளியை நுண்ணிய கட்டங்களாகப் பிரித்து, மின்புலத்தைச் சில புள்ளிகளிலும், காந்தப்புலத்தை அவற்றின் இடுக்குகளிலும் குறித்துவைக்கிறோம். சுற்றியுள்ள காந்தப்புலத்திலிருந்து மின்புலத்தைப் புதுப்பிக்கிறோம். பிறகு மின்புலத்திலிருந்து காந்தப்புலத்தை. இப்படி மாறி மாறி, நேரத்தைச் சிறு சிறு எட்டுகளாக வைத்து முன்னே போகிறோம். 10 நானோமீட்டர் கட்டம் வைத்தால், 16 மைக்ரோமீட்டர் நீளம், 2 அகலம், 1.5 உயரம் உள்ள ஒரு பெட்டிக்கு 4.8 கோடி கட்டங்கள் தேவை. நேரத்தின் ஒவ்வோர் எட்டும், ஒரு நொடியில் ஐந்நூறு கோடி கோடியில் ஒரு பங்கு.

மாணவர்கள் இருவரும் இந்த முறையில்தான் கணக்கிட்டார்கள், இருவரும் 10 நானோமீட்டர் கட்டமே வைத்தார்கள். வரம்பின் குறுகிய பகுதி 450 அகலம். நடுக்கோட்டிலிருந்து விளிம்பு 225-இல் வருகிறது. பத்துப் பத்தாக எண்ணும் கட்டத்தில் 225 என்ற இடமே கிடையாது. ஒருவரின் மென்பொருள் அதை 230 என எடுத்துக்கொண்டதால் பல்லின் ஆழம் 20 ஆகச் சுருங்கியது. மற்றவருடையது 220 என எடுத்ததால் 30 ஆக வளர்ந்தது. எண் வேறுபாடு 0.1-க்குப் பதிலாக ஒருவருக்கு 0.08, மற்றவருக்கு 0.12. அவற்றை 24 பற்களுக்குப் பிணைப்பலைக் கணக்கில் போட்டுப் பார்த்தேன்: 44, 69. அவர்கள் காட்டிய வண்ணப்படங்கள் இரண்டும் மிக அழகானவை. இரண்டுமே வரைபடத்தில் இல்லாத வேறு இரண்டு வரம்புகளின் படங்கள்.

கட்டத்தின் அளவை 5 நானோமீட்டராகக் குறைத்ததும் விடைகள் நெருங்கி வந்துவிட்டன. நீளவாட்டிலும் இதே சிக்கல் உண்டு: 323-ஐப் பத்தால் வகுத்தால் மீதி வருவதால், சில ஈடுகள் 32 கட்டமும் சில 33 கட்டமுமாக அமைந்து, சீரடுக்கு என்ற பெயரே பொய்யாகிவிடும். ஈட்டை மீதியின்றி வகுக்கும் அளவில் கட்டம் வைப்பதும், கட்டத்தைச் சிறிதாக்கச் சிறிதாக்க விடை நிலைக்கிறதா என்று பார்ப்பதும், தாளும் பேனாவும் கொண்டு போடக்கூடிய பிணைப்பலைக் கணக்கை முதலில் போட்டுவைத்துக்கொள்வதும் என் வகுப்பில் இப்போது கட்டாயம்.

கணக்கும் செதுக்கலும்

கணினியில் எல்லாம் சரியாக வந்தாலும், செதுக்கப்பட்ட வரம்பு வரைபடத்தைப்போலவே இராது. சதுரமாக வரைந்த பற்கள், செதுக்கும்போது முனை மழுங்கி அலையலையாகிவிடும். ஆகவே அளந்து பார்க்கும் எதிரொளிப்பு கணக்கைவிடக் குறைவாகவும், தடைப்பட்டை குறுகலாகவும் வருவது வழக்கம். வரம்பின் அகலம் ஒரு நானோமீட்டர் பிசகினால், திரும்பும் ஒளியின் அலைநீளமும் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் நகர்ந்துவிடும்.

எங்கள் ஊருக்கென்றே உள்ள ஒரு சிக்கல் வெயில். சூடேறினால் சிலிக்கானின் ஒளிவிலகல் எண் கூடுகிறது. இத்தகைய வரம்பில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.08 நானோமீட்டர் வீதம் தடைப்பட்டை நீண்ட அலைநீளத்தின் பக்கம் நகர்கிறது. குளிரூட்டிய ஆய்வகத்தில் 20 டிகிரியில் அளந்த சில்லை, மே மாத வேலூரில் 40 டிகிரியில் வைத்தால் 1.6 நானோமீட்டர் நகர்வு. 23 நானோமீட்டர் அகலமுள்ள பட்டைக்கு அது பெரிதில்லை. ஆனால் தொலைத்தொடர்பில் அடுத்தடுத்த ஒளித்தடங்களை 0.8 நானோமீட்டர் இடைவெளியில் வைக்கும் ஏற்பாடு உண்டு. ஒரே ஒரு தடத்தைப் பிரித்தெடுக்கும் குறுகிய வடிகட்டிக்கு 1.6 என்பது இரண்டு தடங்கள் தள்ளிப்போவது. இதைத் தடுக்க வரம்பின் மேலே ஒரு நுண்ணிய மின்சூடேற்றியைப் பதிப்பார்கள். அதற்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. எனவே சில்லை எப்போதும் அந்த ஊரின் உச்ச வெயிலைவிடச் சில டிகிரி கூடுதலான ஒரு வெப்பநிலையிலேயே நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது.